நியூயிங்டன் விடுதிப்பள்ளி

நியூயிங்டன் விடுதிப்பள்ளி, சென்னை மாகாணத்தில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்தில் இருந்த ஜமீன்களின் வயது நிரம்பாத வாரிசுகளுக்காகச் சென்னை தேனாம்பேட்டையில் நடத்தப்பட்ட உறைவிடப்பள்ளி. இங்கிலாந்தின் பப்ளிக் ஸ்கூல் என்னும் தனியார் உறைவிடப்பள்ளிகளின் முறையைப் பின்பற்றியது. 1919 அக்டோபரில் இதன் முதல்வர் கிளெமென்ட் டி லா ஹே இரவில் சுட்டுக்கொல்லப்பட்டார். கோவில்பட்டியை அடுத்த கடம்பூர் ஜமீனின் வாரிசு குற்றம் சாட்டப்பட்டு, பம்பாய் உயர் நீதிமன்ற விசாரணையில் விடுதலை பெற்றார். ஆங்கில உறைவிடப்பள்ளி முறை கரிசல் நிலத்து ஜமீன்களோடு நேருக்கு நேர் மோதிய இடம் என்ற வகையில் நியூயிங்டன் தமிழகக் கல்வி வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

ஆங்கில உறைவிடப்பள்ளி முறை

இங்கிலாந்தில் பப்ளிக் ஸ்கூல் என்ற சொல் அரசுப்பள்ளியைக் குறிப்பதில்லை. அரசின் பொறுப்பில் இல்லாத, கட்டணம் செலுத்திப் படிக்கும் பள்ளியையே குறிக்கும். வீட்டில் ஆசிரியர் வைத்துப் படிப்பதற்கு மாறாக, எந்த ஊரைச் சேர்ந்தவரும் பணம் கட்டிச் சேரலாம் என்ற பொருளில் அது 'பொது'ப் பள்ளி ஆயிற்று. வின்செஸ்டர் 1382-லும் ஈட்டன் 1440-லும் தொடங்கப்பட்டன. ஏழை மாணவர்களுக்கு இலவசக் கல்வி தரும் அறக்கட்டளைகளாகத் தொடங்கிய இவை, காலப்போக்கில் செல்வந்தர்களின் பிள்ளைகள் படிக்கும் இடங்களாயின.

1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு இந்த முறைக்குப் புதிய வடிவம் கொடுத்தார். மூத்த மாணவர்களிடம் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு தரப்பட்டது. பாடத்தைவிடக் குணநலன் முக்கியம் என்று சொல்லப்பட்டது. அவருக்குப் பின் வந்த தலைமுறையில் கிரிக்கெட், ரக்பி போன்ற குழு விளையாட்டுகள் கல்வியின் பகுதியாயின. 1861-ல் அமைக்கப்பட்ட கிளாரண்டன் குழு ஒன்பது பழைய பள்ளிகளை ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1868-ல் பப்ளிக் ஸ்கூல் சட்டம் வந்தது.

இம்முறையின் அடிப்படை, சிறுவனைச் சிறுவயதிலேயே வீட்டிலிருந்து பிரிப்பது. தாய், உறவு, வேலைக்காரர்கள் ஆகியோரின் அரவணைப்பிலிருந்து விலகி, தன்னைப்போன்ற சிறுவர்களுடன் வாழ்ந்து, முதலில் கீழ்ப்படியவும் பிறகு ஆளவும் பழக வேண்டும் என்பது நோக்கம். இந்தியாவை ஆண்ட அதிகாரிகளில் பலர் இத்தகைய பள்ளிகளில் படித்தவர்கள்.

இந்தியாவில் பரவல்

இந்தியாவில் இம்முறை இரண்டு வழிகளில் பரவியது. ஒன்று, இங்கு வாழ்ந்த ஐரோப்பியர்களின் பிள்ளைகளுக்கான மலைப்பள்ளிகள். 1858-ல் நீலகிரியில் தொடங்கப்பட்டு லவ்டேலில் நிலைபெற்ற லாரன்ஸ் பள்ளி, 1859-ல் சிம்லாவில் தொடங்கப்பட்ட பிஷப் காட்டன் பள்ளி ஆகியவை இவ்வகை. சிம்லா பள்ளியை நிறுவிய பிஷப் ஜார்ஜ் காட்டன், ரக்பியில் ஆர்னால்டின் கீழ் ஆசிரியராகப் பணியாற்றியவர்.

மற்றொன்று, சுதேச மன்னர்களின் வாரிசுகளுக்கான கல்லூரிகள். 1869-ல் பரத்பூரின் அரசியல் பிரதிநிதியாக இருந்த கர்னல் வால்டர், இந்தியாவுக்கென ஓர் ஈட்டன் வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். ராஜ்கோட்டில் ராஜ்குமார் கல்லூரி 1870-லும், அஜ்மீரில் மேயோ கல்லூரி 1875-லும், லாகூரில் எய்ட்சிசன் கல்லூரி 1886-லும் உருவாயின.

தென்னிந்தியாவில் மேயோவைப் போன்ற பெரிய கல்லூரி அமையவில்லை. சென்னை மாகாணத்தில் சுதேச அரசுகள் குறைவு, ஜமீன்கள் மிகுதி. ஜமீன்தார் மன்னர் அல்லர். அரசுக்குப் பேஷ்குஷ் கட்டும் நிலவுடைமையாளர். ஆகவே அவர்களின் வாரிசுகளுக்கான பள்ளி வருவாய்த்துறையின் ஒரு கிளையாகவே உருவானது.

கரிசல் நிலத்து ஜமீன்கள்

கோவில்பட்டி, எட்டயபுரம், கடம்பூர், கயத்தாறு, விளாத்திகுளம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பகுதி வானம் பார்த்த கரிசல் பூமி. பெரிய ஆறுகள் இல்லாத இந்நிலத்தில் கம்பு, சோளம், உளுந்து, பருத்தி ஆகியவை வடகிழக்குப் பருவமழையை நம்பி விளைவிக்கப்பட்டன. நாயக்கர் காலம் முதல் இப்பகுதி பல பாளையங்களாகப் பிரிந்திருந்தது. எட்டயபுரம் கம்பளத்து நாயக்கர்களின் பாளையம். கடம்பூர், மணியாச்சி ஆகியவை மறவர் பாளையங்கள்.

1799 அக்டோபர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் இரண்டாம் பாளையக்காரர் போர் முடிந்தபின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1802-ன் நிலையான வரித்திட்டத்தின்படி பாளையங்கள் ஜமீன்களாக மாற்றப்பட்டன. பாளையக்காரர் படை வைத்திருந்தவர். ஜமீன்தார் குத்தகை வசூலித்து அரசுக்குக் குறித்த தொகையைக் கட்டுபவர். பட்டம், அரண்மனை, பரிவாரம் ஆகியவை நீடித்தன; ஆட்சி அதிகாரம் நீங்கியது.

பெரும்பாலான பழைய ஜமீன்கள் பங்கிட முடியாதவை. மூத்த வாரிசு ஒருவரே முழு ஜமீனுக்கும் உரியவர். 1904-ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டம் இந்த மரபை உறுதிசெய்தது. இதனால் ஒரு சிறுவனின் வளர்ப்பு, பல கிராமங்களின் எதிர்காலத்தோடு பிணைந்த விஷயமாக ஆயிற்று. அவன் பொறுப்பில்லாதவனாக வளர்ந்தால் ஜமீன் கடனில் மூழ்கும், பேஷ்குஷ் நிலுவையாகும், குடியானவர்கள்மேல் சுமை கூடும்.

கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்

சென்னை மாகாணத்தில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் 1804-ஆம் ஆண்டின் ஐந்தாம் ரெகுலேஷன் மூலம் ஏற்படுத்தப்பட்டது. பெயரில் கோர்ட் என்று இருந்தாலும் இது நீதிமன்றம் அல்ல. ரெவின்யூ போர்டே இதன் பொறுப்பை வகித்தது. ஜமீன்தார் இறக்கும்போது வாரிசு சிறுவனாக இருந்தால், ஜமீன் நிர்வாகத்தையும் சிறுவனின் வளர்ப்பையும் இவ்வமைப்பு ஏற்கும். 1902-ல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

இதன் கீழ் ஜமீனின் கடன்கள் அடைக்கப்பட்டன. வரவுசெலவு ஒழுங்குபட்டது. ஆனால் வாரிசு எங்கே வசிக்க வேண்டும், என்ன படிக்க வேண்டும், மாதச்செலவுக்கு எவ்வளவு தரலாம் என்பவற்றையும் அதிகாரிகளே முடிவுசெய்தனர். அரண்மனைப் பெண்களும் பரிவாரங்களும் சிறுவனைக் கெடுத்துவிடுவார்கள் என்பது பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் பரவலாக இருந்த நம்பிக்கை. எனவே சிறுவனை அரண்மனையிலிருந்து அகற்றுவதே முதல் நடவடிக்கையாக இருந்தது. இதற்கான செலவு ஜமீன் வருமானத்திலிருந்து, அதாவது குடியானவர்கள் கட்டிய குத்தகையிலிருந்து எடுக்கப்பட்டது.

1875-ஆம் ஆண்டின் இந்திய மேஜர் வயதுச் சட்டப்படி பொதுவாக 18 வயதில் ஒருவர் மேஜர் ஆவார். கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் பாதுகாப்பில் இருந்தவருக்கு அது 21-ஆக இருந்தது. குடியானவரின் மகன் 18 வயதில் தன் நிலத்தை விற்கலாம். அவனுடைய ஜமீன்தார் 20 வயதிலும் மைனர்தான். மைனர் என்ற சட்டச்சொல் தமிழ்ப் பேச்சு வழக்கில் கைச்செலவுக்குக் குறைவில்லாத, பொறுப்பு ஏதுமற்ற, ஆடம்பரமான இளைஞனைக் குறிக்கும் சொல்லாக மாறியது. மைனர் சங்கிலி போன்ற வழக்குகள் அதிலிருந்து வந்தவை.

இக்கல்வியின் பயன் பற்றிய ஐயம் முன்னரே எழுந்திருந்தது. கரிசலை அடுத்த ராமநாதபுரத்தின் பாஸ்கர சேதுபதி இளவயதில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் பாதுகாப்பில் சென்னையில் ஆங்கில ஆசிரியரிடம் கல்வி பெற்றார். 1889-ல் பொறுப்பேற்ற அவர் ஆங்கிலத்தில் தேர்ந்தவர், கல்விக்கும் சமயத்துக்கும் பெருங்கொடை அளித்தவர். சிகாகோவுக்குச் செல்ல விவேகானந்தரைத் தூண்டியவர். ஆனால் சில ஆண்டுகளிலேயே ஜமீன் பெருங்கடனில் ஆழ்ந்தது. மன்னருக்குரிய கொடைமரபும், கணக்கர் போல் வரவுசெலவு பார்க்கச் சொல்லும் ஆங்கிலக் கல்வியும் ஒரே மனிதரிடம் இணங்கி நிற்கவில்லை.

நியூயிங்டனில் வாழ்க்கை

தனித்தனி ஆசிரியர்களிடம் சிறுவர்களை ஒப்படைப்பதற்குப் பதிலாக, பல ஜமீன்களின் வாரிசுகளை ஒரே இல்லத்தில் தங்கவைத்துப் படிக்கவைக்கும் முறை நியூயிங்டனில் நடைமுறைக்கு வந்தது. மவுண்ட் ரோட்டை ஒட்டிய பெரிய தோட்டவீடு இது. பள்ளியின் பெயர் அந்த வீட்டின் பெயரே. ஈட்டனைப் போலவோ மேயோவைப் போலவோ நூற்றுக்கணக்கில் மாணவர்கள் இங்கு இல்லை. ஆங்கிலேய முதல்வர் தன் மனைவியுடன் அதே வளாகத்தில் வாழ்ந்தார். அவர் ஆசிரியர், விடுதிக் காப்பாளர் என்பதுடன் அரசின் சார்பில் சிறுவர்களின் பாதுகாவலராகவும் இருந்தார்.

ஆங்கில உறைவிடப்பள்ளிக்கும் நியூயிங்டனுக்கும் அடிப்படையான வேறுபாடுகள் உண்டு. ஈட்டனுக்கு மகனை அனுப்புவது தந்தையின் விருப்பம். நியூயிங்டனுக்கு அனுப்புவது அரசின் ஆணை. அங்கு ஆசிரியரும் மாணவரும் ஒரே மொழியும் மதமும் கொண்டவர்கள். இங்கு முதல்வர் ஆளும் இனத்தைச் சேர்ந்தவர், மாணவர்கள் ஆளப்படுபவர்கள். ஊரில் பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டி 'மகாராஜா' என்று முன்னால் நின்ற சிறுவன், இங்கே சம்பளம் பெறும் ஓர் அதிகாரியின் கண்டிப்புக்கு உட்பட வேண்டியிருந்தது. 18 வயதில் பள்ளியை விட்டு வெளியேறும் வாய்ப்பும் இல்லை. 21 வரை காத்திருக்க வேண்டும்.

மிஷன் விடுதிகள்: ஓர் ஒப்பீடு

உறைவிடப்பள்ளி முறை நெல்லைச் சீமைக்கு நியூயிங்டனுக்கு முன்பே வந்திருந்தது. 1839-ல் தமிழகம் வந்த ஜி.யு. போப், 1840-களில் தூத்துக்குடியை அடுத்த சாயர்புரத்தில் எஸ்.பி.ஜி. மிஷன் சார்பில் உறைவிடக் கல்விநிலையம் ஒன்றை அமைத்தார். ஆங்கிலத்துடன் லத்தீன், கிரேக்கம் முதலியன கற்பிக்கப்பட்டன. கடுமையான ஒழுங்கு அதன் இயல்பு. போப் பின்னர் உதகமண்டலத்தில் ஐரோப்பியச் சிறுவர்களுக்கான பள்ளியை நடத்தினார். 1871 முதல் 1882 வரை பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராக இருந்தார்.

ஒரே ஆசிரியர் ஒரே முறையைச் சாயர்புரத்தின் எளிய குடும்பத்துச் சிறுவர்களிடமும் உதகையின் ஐரோப்பியச் சிறுவர்களிடமும் கையாண்டார். சாயர்புரம் மாணவர்கள் அங்கிருந்து உபதேசியாராகவும் ஆசிரியராகவும் எழுத்தராகவும் வெளிவந்தனர். படிப்பு அவர்களுக்கு முன்பு இல்லாத ஒரு நிலையைத் தந்தது. ஜமீன் வாரிசுகளுக்கோ நிலை பிறப்பிலேயே இருந்தது. படிப்பு அதிலிருந்து எதையோ பறிப்பதாகவே அவர்களுக்குத் தோன்ற இடமிருந்தது. விடுதி என்ற அமைப்பு இருசாராருக்கும் வெவ்வேறு பொருள் தந்ததற்கு இதுவே காரணம்.

டி லா ஹே கொலை

1919 அக்டோபரில் ஓர் இரவு, நியூயிங்டன் வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்த முதல்வர் டி லா ஹே துப்பாக்கியால் சுட்டுக்கொல்லப்பட்டார். வெளியிலிருந்து எவரும் வந்ததற்கான தடயம் கிடைக்காததால் ஐயம் மாணவர்கள்மேல் விழுந்தது. கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன்களின் வாரிசுகள் கைதாயினர். கடம்பூர், கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் இடையே ரயில்பாதையில் உள்ள கரிசல் ஊர். சிங்கம்பட்டி, மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் அம்பாசமுத்திரத்தை அடுத்து உள்ளது.

முதல்வர் மாணவர்களையும் தமிழர்களையும் இழிவாகப் பேசினார் என்பது கொலைக்கான காரணமாகப் பேசப்பட்டது. அவர் குடும்பத்தைச் சுற்றியும் வதந்திகள் எழுந்தன. இவை எதுவும் ஐயமின்றி நிறுவப்படவில்லை.

அந்த ஆண்டின் சூழல் வழக்கின்மேல் படிந்தது. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் நிறைவேறியிருந்தது. ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்திருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் 1911 ஜூன் 17 அன்று கடம்பூருக்கு அண்மையில் உள்ள மணியாச்சி ரயில் சந்திப்பில்தான் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டார். நியூயிங்டன் கொலையில் அரசியல் நோக்கம் இருந்ததாக நிறுவப்படவில்லை என்றாலும், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மீண்டும் சுடப்பட்டது ஐரோப்பியரிடையே அச்சத்தை உண்டாக்கியது.

வழக்கு

சிங்கம்பட்டி வாரிசு அப்ரூவராக மாறினார். குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றத்தில் தொடர்புடைய ஒருவர் முழு உண்மையையும் சொல்ல ஒப்புக்கொண்டால் அவருக்கு மன்னிப்பு வழங்கி அரசுத்தரப்புச் சாட்சியாக்கலாம். சென்னையில் வழக்கு பற்றிய பேச்சு மிகுந்திருந்ததால் விசாரணை பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

கடம்பூர் வாரிசுக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் சென்னை வழக்கறிஞர் டாக்டர் எஸ். சுவாமிநாதன். வழக்கு பெரிதும் அப்ரூவரின் சாட்சியத்தை நம்பியிருந்தது. உடந்தையாளரின் சொல்லைப் பிற ஆதாரங்கள் உறுதிசெய்யாவிட்டால் நம்பத்தகாததாகக் கொள்ளலாம் என்பது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் நெறி. தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒருவர் பிறர்மேல் பழிபோடக்கூடும் என்பதே அந்நெறியின் அடிப்படை. விசாரணையின் முடிவில் கடம்பூர் வாரிசு விடுதலை செய்யப்பட்டார். கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

விளைவுகள்

வழக்கின் எதிரொலி வழக்கறிஞரின் குடும்பத்தில் முதலில் தெரிந்தது. ஆங்கிலேயரைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டவரை விடுவித்ததற்காகச் சென்னையின் ஐரோப்பிய வட்டம் சுவாமிநாதனை ஒதுக்கியது. அதுவரை ஆங்கிலேயப் பாணியில் வளர்க்கப்பட்ட அவரது குழந்தைகள் ஆங்கிலேயர் நடத்திய பள்ளியிலிருந்து நீக்கிக்கொள்ளப்பட்டனர். வீட்டின் மொழியும் உடையும் மாறின. அவர் மனைவி அம்மு சுவாமிநாதன் பின்னர் காங்கிரசில் இணைந்து அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். மகள் லட்சுமி, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணி படையின் தலைவி கேப்டன் லட்சுமியாக அறியப்பட்டார். தன் குடும்பத்தின் திருப்புமுனையாக அவர் இந்த வழக்கை நினைவுகூர்ந்துள்ளார்.

சிங்கம்பட்டியில் வேறொரு விளைவு பேசப்படுகிறது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் தன் மலைக்காட்டில் சுமார் 8,374 ஏக்கரை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலைத் தேயிலைத்தோட்டம் அவ்வாறு உருவானது. கொலை வழக்கின் செலவே குத்தகைக்குக் காரணம் என்பது நெல்லை வட்டாரத்தில் வழங்கும் செய்தி. வழக்கு முடிந்து குத்தகை எழுத ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகியுள்ளன. ஜமீன்களுக்கு வேறு கடன்களும் வழக்கமாக இருந்தன. எனவே வழக்குச் செலவைப் பல காரணங்களில் ஒன்றாகக் கொள்வதே பொருத்தம். அத்தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் காவல்துறை நடவடிக்கையின்போது 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தனர்.

ஜமீன்களின் காலம் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் கல்விக்கும் அதன்பின் தேவை இல்லாமல் போயிற்று. ஆனால் உறைவிடப்பள்ளிமேல் இருந்த மதிப்பு ஜமீன் குடும்பங்களில் குறையவில்லை. சிங்கம்பட்டியின் பட்டம் பெற்ற கடைசி ஜமீன்தாரான டி.என்.எஸ். முருகதாஸ் தீர்த்தபதி, இலங்கையில் ஆங்கிலப் பப்ளிக் ஸ்கூல் மரபில் நடத்தப்பட்ட கண்டி டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். அவர் 2020-ல் மறைந்தார்.

மதிப்பீடு

நியூயிங்டனைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கொலையாளி யார் என்ற கேள்வியைச் சுற்றியே நிகழ்கிறது. நீதிமன்றம் விடை தராத அக்கேள்வியைவிட, அப்பள்ளி எதற்காக நடத்தப்பட்டது என்ற கேள்வி வரலாற்றுக்கு முக்கியமானது. ஆங்கில உறைவிடப்பள்ளி ஆளப்போகும் சிறுவர்களுக்குக் கீழ்ப்படிதலைக் கற்பித்தது. கீழ்ப்படிந்தவனுக்குப் பின்னால் அதிகாரம் காத்திருந்தது. அதனால் அம்முறை அங்கே நிலைத்தது. நியூயிங்டன் மாணவருக்குக் காத்திருந்தது வரிவசூல் பொறுப்பு மட்டுமே. ஆளும் பயிற்சி என்ற பெயரில் கீழ்ப்படிதல் மட்டும் கற்பிக்கப்பட்டது.

அதே கரிசலில் அதே காலகட்டத்தில் வேறு கல்விகளும் நடந்தன. எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதி நெல்லையில் பெற்ற ஆங்கிலக் கல்வியைத் தன் 'ஸ்வசரிதை'யில் கடுமையாக விமர்சித்தார். ஜமீன் அரண்மனை வாழ்க்கையைச் 'சின்னச் சங்கரன் கதை'யில் பகடி செய்தார். அரண்மனை, ஆங்கிலப்பள்ளி இரண்டையும் அருகிருந்து பார்த்தவர் அவர். அவர் இரண்டிலிருந்தும் வெளியேறினார். நியூயிங்டன் மாணவர்கள் முதலாவதிலிருந்து பெயர்க்கப்பட்டு இரண்டாவதில் நடப்பட்டவர்கள். வெளியேறும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை.